எதிரி நாட்டின் பசித்த குழந்தை

1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போரின் பீரங்கிகள் ஓய்ந்தன. ஆனால் ஜெர்மனி, ஆஸ்திரியா மீது நேச நாடுகள் விதித்த முற்றுகை மறு ஆண்டும் நீடித்தது. வியன்னாவில் பாலின்றிக் குழந்தைகள் எலும்பு வளைந்து மெலிந்தார்கள். அவர்களின் படம் அச்சிட்ட துண்டறிக்கைகளை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்த எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண் கைதானார்; 5 பவுண்டு அபராதம். அந்தத் தொகையை அவரிடம் கொடுத்தவர், அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரேதான்! 1919 மே மாதம் அவர் முயற்சியில் 'சேவ் தி சில்ட்ரன்' நிதி பிறந்தது. பகைவரை நேசியுங்கள் என்ற இயேசுவின் கட்டளை உணர்ச்சியைப் பற்றியதன்று, செயலைப் பற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

'நம் பிள்ளைகளே பட்டினி கிடக்கையில் பகைவன் பிள்ளைக்குச் சோறா?' என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முற்றுகையை நீட்டித்ததால் எந்த ஆங்கிலேயக் குழந்தையின் வயிறும் நிறையவில்லை. பகைவருக்காகச் செய்யும் ஜெபம் வெறும் ஆறுதல் என்போரும் உண்டு. ஆனால் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1919 நவம்பரில் எழுதிய சுற்றுமடல், மத்திய ஐரோப்பியக் குழந்தைகளுக்காக ஜெபத்தையும் காணிக்கையையும் சேர்த்தே கேட்டது. அதற்குக் குறித்த நாள் டிசம்பர் 28, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். எனக்கு உறுத்துவது வேறொன்று: குழந்தை, நேசிக்க எளிதான எதிரி. அந்தக் கட்டளை உள்ள மத்தேயு ஐந்தாம் அதிகாரமோ, துப்பாக்கி ஏந்திய அதன் தகப்பனையும் சேர்த்தே நேசிக்கக் கேட்கிறது.