'பயோபார்மா' படித்தால் மெடிக்கல் ஷாப் வைக்கலாமா? பணம் கட்டும் முன் பெற்றோர் கவனிக்க...

திருப்பூர்,

பிளஸ்-2 ரிசல்ட் வந்துவிட்டால் பனியன் கம்பெனிகளில் டீ டைம் பேச்சே மாறிவிடும். "நம்ம புள்ளைய எதுல சேக்கறதுங்க?" என்பதுதான் பவர் டேபிளில் இருந்து செக்கிங் வரை ஒரே கேள்வி. அந்த பேச்சில் அடிபடும் பெயர்களில் ஒன்று 'பயோபார்மா'. "மருந்து படிப்புதானுங்க, முடிச்சா சொந்தமா மெடிக்கல் வெச்சுக்கலாம்" என்று யாராவது சொல்ல, சீட்டு பணத்தை எடுத்து பீஸ் கட்ட கிளம்பி விடுகிறார்கள்.

அங்கேதான் சிக்கல். மருந்து சம்பந்தப்பட்ட படிப்பு எல்லாமே மருந்தாளுனர் படிப்பு ஆகிவிடாது.

பயோவாஷ் போலத்தான்

பயோபார்மா என்றால் என்ன? திருப்பூர்காரர்களுக்கு இதை புரிய வைப்பது சுலபம். துணிக்கு 'பயோவாஷ்' போடுகிறோம் அல்லவா? பிசிறை தின்று துணியை வழவழப்பாக்கும் அந்த என்சைம், பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகளை பெரிய தொட்டியில் வளர்த்து எடுக்கப்படுவது. அதே மாதிரி தொட்டியில் நுண்ணுயிரியை வளர்த்து, துணிக்கு பதில் மனிதனுக்கு மருந்து எடுத்தால் அதுதான் பயோபார்மா. சுத்தம் மட்டும் பல மடங்கு அதிகம் வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் போடும் இன்சுலின் ஒரு காலத்தில் பன்றி, மாடுகளின் கணையத்தில் இருந்து எடுக்கப்பட்டது. பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை செலுத்தி தயாரித்த இன்சுலினுக்கு 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெங்களூர் பயோகான் நிறுவனம் 2004-ல் இன்சுலின் கொண்டு வந்தது. ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் மஞ்சள்காமாலை-பி தடுப்பூசியை வெளியிட்டது. கொரோனா காலத்து கோவேக்சின் ஞாபகம் இருக்கும். அதை தயாரித்த பாரத் பயோடெக் நிறுவனர் கிருஷ்ணா எல்லா நம்ம திருத்தணி பக்கத்து விவசாய குடும்பத்து பிள்ளை. நமக்கு பக்கத்திலேயே குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-ல் இருந்து இருக்கிறது.

ஆக, படிப்பு நல்ல படிப்புதான். எந்த பெயரில் படிக்கிறோம் என்பதுதான் விஷயம்.

2 கதவு, 2 பாதை

இந்த துறைக்குள் போக முக்கியமாக 2 வழி. ஒன்று பி.பார்ம். 4 வருடம், 8 செமஸ்டர். மற்றொன்று பி.டெக். பயோடெக்னாலஜி அல்லது பி.டெக். பார்மசூட்டிக்கல் டெக்னாலஜி. இதுவும் 4 வருடம்தான். பெயரை கேட்டால் அண்ணன், தம்பி மாதிரி இருக்கும். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு.

1948-ம் வருட பார்மசி சட்டப்படி, மருந்துக்கடையில் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க பதிவு பெற்ற மருந்தாளுனர் வேண்டும். பார்மசி கவுன்சில் அங்கீகரித்த டி.பார்ம்., பி.பார்ம்., பார்ம்.டி. படித்தவர்களே அந்த பதிவை வாங்க முடியும். பி.டெக். முடித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கவுண்டரில் மருந்தாளுனராக நிற்க முடியாது. பி.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கும் இதே கதிதான். 4 வருடம் கழித்து இது தெரிந்து என்ன பிரயோஜனம்?

மருந்து தொழிற்சாலையிலும் வித்தியாசம் உண்டு. மாத்திரை தயாரிப்புக்கு பொறுப்பாளராக இருக்க பி.பார்ம். படித்தவருக்கு 18 மாத அனுபவம் போதும். கெமிஸ்ட்ரியை முக்கிய பாடமாக எடுத்த பி.எஸ்சி.காரருக்கு 3 வருடம் வேண்டும் என்கிறது 1945-ம் வருட மருந்து விதிகள்.

அதற்காக பி.டெக். வீண் என்று அர்த்தம் இல்லை. தொட்டியில் செல் வளர்ப்பது, மருந்தை பிரித்து எடுப்பது, இயந்திரத்தை ஓட்டுவது என தயாரிப்பு வேலைக்கு அவர்கள் பொருத்தமானவர்கள். ஆனால் வேலை பெங்களூர், ஐதராபாத் பக்கம்தான் அதிகம். ஆராய்ச்சிக்கு போக எம்.டெக்., எம்.எஸ்சி. என்று மேலே படிக்க வேண்டி வரும். "4 வருஷத்துல சம்பளம் வந்தாகணும்" என்று இருக்கும் குடும்பம் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

எந்த குரூப் எங்கே?

பிளஸ்-2-வில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்திருந்தால் பி.பார்ம். சேரலாம். சென்னை, மதுரை அரசு மருத்துவ கல்லூரிகளில் பி.பார்ம். உண்டு. அரசு இடங்களை மருத்துவ கல்வி தேர்வுக்குழு கவுன்சிலிங் மூலம் நிரப்புகிறது. 2025 வரை இதற்கு நீட் கேட்கவில்லை, பிளஸ்-2 மார்க்தான் கணக்கு. விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். தனியாரில் கோவை, ஈரோடு, குமாரபாளையம் என நம்மை சுற்றிலும் பார்மசி கல்லூரிகள் இருக்கின்றன.

பி.டெக்.குக்கு என்ஜினீயரிங் கவுன்சிலிங். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்கு கட்-ஆப். கணிதம் எடுக்காத பியூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு பி.பார்ம்.தான் வழி. 6 முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சீட் கிடைத்தால் கல்வி கட்டணத்தை அரசே கட்டும். இதை தெரியாமல் மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு வட்டிக்கு வாங்கி கட்டியவர்களும் நம் ஊரில் உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி

கல்லூரியில் கட்டிடத்தை சுற்றி காட்டுவார்கள், பஸ்சை காட்டுவார்கள். அதை விட்டுவிட்டு, "இந்த வருஷத்துக்கு பார்மசி கவுன்சில் அனுமதி இருக்குங்களா?" என்று கேளுங்கள். போன வருட கடிதத்தை காட்டினால் போதாது. அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இந்திய பார்மசி கவுன்சில் இணையதளத்தில் இருக்கிறது, பக்கத்து பிரவுசிங் சென்டரிலேயே பார்க்கலாம். தபால் வழியில் பி.பார்ம். என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது.

மார்க் குறைந்தவர்கள் 2 வருட டி.பார்ம். முடித்து, பி.பார்ம். 2-ம் ஆண்டில் நேரடியாக சேரலாம். நடுவில் பணமுடை வந்தாலும் டி.பார்ம். கையில் இருக்கும், மருந்தாளுனர் பதிவும் வாங்கலாம். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு முதல் வருடம் ஆங்கில பாடப்புத்தகம் கண்ணை கட்டும். சீனியர்களிடம் நோட்ஸ் வாங்கி தாண்டி வந்தவர்கள் நிறைய பேர்.

இன்னொன்று, பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை சரிபார்த்ததும் திருப்பி கொடுக்க வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது.