நாரும் நாரும் தொடும் இடம்

அட்டைப்பெட்டித் தொழிலில் இருப்பவர்கள் கிராஃப்ட் பேப்பர் வாங்கும்போது நிறத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் கேட்பது எத்தனை ஜி.எஸ்.எம்., அடுத்துக் கேட்பது எத்தனை பி.எஃப். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பது ஜி.எஸ்.எம். அந்தத் தாள் எவ்வளவு அழுத்தம் வரை வெடிக்காமல் தாங்கும் என்பதை அதன் எடையோடு சேர்த்துச் சொல்வது பி.எஃப். 120 ஜி.எஸ்.எம். தாளுக்கு 20 பி.எஃப். என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 2.4 கிலோ அழுத்தம் வரை அது தாங்க வேண்டும். 16 பி.எஃப். தாளும் 22 பி.எஃப். தாளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். இரண்டுமே பழைய பெட்டிகளைக் கூழாக்கிச் செய்தவையாகவும் இருக்கலாம். விலை மட்டும் வேறு. ஒரே மாதிரியான பழைய அட்டையிலிருந்து ஒருவர் பலமான தாளும் இன்னொருவர் நொய்ந்த தாளும் எடுப்பதற்கு, கூழை எப்படி அரைக்கிறார்கள் என்பதோடு அதில் எந்த வேதிப்பொருளை எப்போது, எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதும் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள, ஒரு தாளை எது பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாதாரணத் தாளில் நார்களை ஒட்டுவதற்கென்று பசை எதுவும் தேவையில்லை. மரத்தையோ கரும்புச் சக்கையையோ வேக வைத்து, லிக்னின் என்ற பிசினை நீக்கினால் மிஞ்சுவது செல்லுலோஸ் நார். தண்ணீரில் மிதக்கும் இந்த நார்களைக் கம்பிவலைமேல் பாய்ச்சி வடித்து, அழுத்தி, உலர்த்துகிறார்கள். தண்ணீர் வெளியேறும்போது அதன் பரப்பு இழுவிசை நார்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. போதுமான அளவு நெருங்கியதும் ஒரு நாரின் செல்லுலோஸ் மூலக்கூறுக்கும் அடுத்த நாரின் மூலக்கூறுக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகிறது. தனித்தனியாகப் பார்த்தால் மிகப் பலவீனமான பிணைப்பு. கோடிக்கணக்கில் சேரும்போது தாளைத் தாளாக நிறுத்துகிறது. நார் தனியாக எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நாரும் நாரும் தொடும் இடம் பலவீனமாக இருந்தால் தாள் பிரிந்துவிடும். காகிதத்துக்கு வலு ஏற்றும் வேதியியல் கிட்டத்தட்ட முழுவதும் இந்தத் தொடும் இடத்தைப் பற்றியதுதான்.

நாரின் நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. பைன் போன்ற மரங்களின் நார் சுமார் 3 மில்லிமீட்டர். தைல மரமான யூகலிப்டஸின் நார் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். கரும்புச் சக்கை நாரும் குட்டைதான். அதோடு சக்கையில் பஞ்சு போன்ற நடுப்பகுதி கலந்திருக்கும். அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வடிய விடாது என்பதால் அதைப் பிரித்து எடுத்த பிறகே கூழாக்க முடியும். இந்தக் குட்டை நாரை நம்பித்தான் 1979இல் தமிழ்நாடு அரசு டி.என்.பி.எல். நிறுவனத்தைத் தொடங்கியது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தி ஆரம்பமானது. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையை வாங்கி, பதிலுக்கு அவற்றுக்கு வேறு எரிபொருளோ நீராவியோ கொடுக்கும் ஏற்பாட்டில் அந்த ஆலை வளர்ந்தது. மரம் குறைவான நாட்டில் இது பெரிய காரியம்.

புதுக் கூழோ பழைய கூழோ, வலு ஏற்றும் முதல் வேலை இயந்திரத்துடையது. உலோகப் பற்கள் கொண்ட தட்டுகளுக்கு நடுவே கூழை விட்டு அரைப்பார்கள். நாரின் மேற்தோல் உரிந்து நுண்ணிழைகள் சிலிர்த்து நிற்கும். நார் வளைந்து கொடுக்கும். தொடும் இடங்கள் பெருகும். அளவுக்கு மீறி அரைத்தாலோ நார் வெட்டுப்படும், தூள் பெருகும், கம்பிவலையில் தண்ணீர் வடியத் தாமதமாகும். மெதுவாக வடிந்தால் இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும், உலர்த்த அதிக நீராவி வேண்டும். இந்த எல்லையைத் தொட்ட இடத்தில்தான் வேதிப்பொருள்கள் தேவைப்படுகின்றன.

பழைய காகிதத்தில் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடுகிறது. ஒருமுறை உலர்ந்த நாரின் சுவரில் இருக்கும் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. மறுபடி தண்ணீரில் போட்டாலும் அவற்றில் பல திறப்பதில்லை. வற்றலை எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் அது பச்சைக் கத்தரிக்காய் ஆகிவிடாது அல்லவா, அதே கதைதான். நார் விறைத்து நிற்பதால் பக்கத்து நாரோடு படிந்து ஒட்டுவதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த காகித விஞ்ஞானி கியோர்க் ஜெய்மே 1940களிலேயே இந்த மாற்றத்தை அளந்து விளக்கினார். வேதிமுறையில் எடுத்த கூழில்தான் இந்த விறைப்பு அதிகம். அதிலும் முதல் முறை உலரும்போதுதான் பெரும் இழப்பு. மரத்தை அப்படியே அரைத்து எடுக்கும் பழைய பாணி செய்தித்தாள் கூழில் லிக்னின் அப்படியே இருப்பதால், இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

விறைத்த நாரை மறுபடி இணைய வைக்கும் மலிவான பொருள் நம் வயல்களில் விளைகிறது. அதுதான் ஸ்டார்ச். செல்லுலோஸும் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையால் ஆன நீண்ட சங்கிலிகள். அதனால் ஸ்டார்ச் மூலக்கூறு இரண்டு நார்களுக்கு நடுவே புகுந்து இருபக்கமும் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. காகிதத்துக்கு மாவு தடவும் பழக்கம் புதிதும் அல்ல. அரபு நாட்டுக் காகிதத் தொழிலாளர்கள் கோதுமை ஸ்டார்ச் தடவினார்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர்க்காரர்கள் 13ஆம் நூற்றாண்டில் விலங்குப் பசைக்கு மாறினார்கள்.

ஆனால் வெறும் மாவைக் காய்ச்சிக் கூழில் ஊற்றினால் பெரும்பகுதி நாரில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும். தண்ணீரில் இருக்கும் நாரின் மேற்பரப்புக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. ஆகவே ஸ்டார்ச் மூலக்கூறில் நேர்மின்னேற்றம் கொண்ட நைட்ரஜன் தொகுதிகளை இணைத்து விற்கிறார்கள். காகித ஆலைகளில் அதன் பெயர் கேட்டயானிக் ஸ்டார்ச். அதைக் காய்ச்சிக் கூழில் கலந்தால் நாரை நாடி ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு டன் காகிதத்துக்கு 5 முதல் 15 கிலோ வரை போதும். மக்காச்சோளம், மரவள்ளிக்கிழங்கு இரண்டிலிருந்தும் இதைச் செய்கிறார்கள். சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கத்தில் விளையும் மரவள்ளி ஜவ்வரிசியாக மட்டும் போவதில்லை. அங்குள்ள ஆலைகளின் ஸ்டார்ச் துணிக்குக் கஞ்சி போடவும் காகிதத்துக்கும் போகிறது.

பெட்டி செய்யும் தாளுக்கு இன்னொரு சுற்று ஸ்டார்ச்சும் உண்டு. ஓரளவு உலர்ந்த தாளை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு, என்சைம் போட்டு இளக்கிய ஸ்டார்ச் கரைசலை அதன்மேல் பூசுவார்கள். மறுசுழற்சித் தாளில் இப்படிப் பூசுவது டன்னுக்கு 30 முதல் 60 கிலோ வரை போகும். நெளி அட்டையை ஒட்டும் பசையும் ஸ்டார்ச்தான்.

அந்தப் பெட்டி பழைய பேப்பர் கடை வழியாக மீண்டும் ஆலைக்கு வரும்போது சிக்கல் தொடங்குகிறது. மேலே பூசிய ஸ்டார்ச்சுக்கு மின்னேற்றம் இல்லை. கூழாக்கும் தொட்டியிலேயே கரைந்து தண்ணீரில் கலந்துவிடும். பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை அமைலேஸ் என்ற என்சைமைச் சுரந்து ஸ்டார்ச்சைத் துண்டாடி, தின்று, புளித்த நாற்றமடிக்கும் அமிலங்களை வெளிவிடுகின்றன. சில அட்டைகளில் மூக்கைத் துளைக்கும் வாடைக்கு இது ஒரு காரணம். குழாய்களில் வழுவழுப்பான பாசி போன்ற படலம் சேர்ந்து, அது பிய்ந்து வந்து ஓடும் தாளை அறுக்கும். இன்னும் மோசம், தண்ணீரில் தேங்கிய அமைலேஸ் புதிதாகச் சேர்க்கும் நல்ல ஸ்டார்ச்சையும் துண்டாடிவிடும்.

கழிவுநீரைக் குறைக்க ஆலைகள் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுகின்றன. அது சரியான காரியம்தான். ஆற்றைக் காப்பாற்ற வேறு வழியில்லை. ஆனால் சுற்றச் சுற்ற அந்தத் தண்ணீரில் உப்பும், மை, பூச்சுகளிலிருந்து கரைந்த எதிர்மின்னேற்றக் குப்பையும் ஏறிக்கொண்டே போகும். விலை கொடுத்து வாங்கிய கேட்டயானிக் ஸ்டார்ச் நாரைப் பிடிப்பதற்குப் பதில் இந்தக் குப்பையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் படிகாரமோ பாலி அலுமினியம் குளோரைடோ போட்டுக் குப்பையின் மின்னேற்றத்தைத் தணித்துவிட்டுப் பிறகுதான் ஸ்டார்ச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் வரிசை மாறினால் பணம் தண்ணீரோடு போய்விடும். நல்ல பொருளை வாங்குவதைவிட, தண்ணீரின் நிலையை அன்றாடம் அளந்து அதற்கேற்பச் சேர்ப்பதே கடினமான வேலை. பலமான தாள் எடுக்கும் ஆலைகளின் திறமை இங்கேதான் தெரிகிறது.

ஸ்டார்ச் தோற்கும் இடத்தில் செயற்கைப் பாலிமர்கள் கைகொடுக்கின்றன. அவற்றில் முக்கியமானது கிளையாக்சால் சேர்த்த பாலி அக்ரிலமைடு. 1970களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ளது. பாக்டீரியா இதை ஸ்டார்ச்சைப் போல எளிதில் தின்னாது. இதன் ஆல்டிஹைடு தொகுதிகள் செல்லுலோஸோடு நேரடியாகவே பிணைந்துகொள்கின்றன. தாளின் வலு கூடுவதோடு கூழிலிருந்து தண்ணீரும் சீக்கிரம் வடிகிறது. அரைப்பதால் கிடைக்கும் வலுவுக்கு வேகத்தைப் பலி கொடுக்க வேண்டும். இந்தப் பாலிமருக்கு அந்தப் பலி வேண்டாம்.

இத்தனை இருந்தும் வேதிப்பொருளால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. அறுந்த நாரை அது நீளமாக்காது. 1807இல் ஜெர்மானியர் மோரிட்ஸ் இல்லிக் வெளியிட்ட முறைப்படி, மை ஊறாமல் இருக்கப் பிசினையும் படிகாரத்தையும் சேர்த்து 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் கோடிக்கணக்கான புத்தகங்கள் அச்சாயின. படிகாரம் விட்டுச்சென்ற அமிலம் செல்லுலோஸ் சங்கிலியையே மெல்ல மெல்ல வெட்டியது. நூறாண்டுப் பழமையான தமிழ் நூல்களின் பக்கம் மடித்தவுடன் ஒடிவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே இணைப்பு அறுவதில்லை, நாரே இற்றுப்போகிறது. பெட்டித் தாளிலும் இதே நிலைதான்: பலமுறை அரைபட்டு நார் குட்டையாகிவிட்டால் புது நார் கலப்பதைத் தவிர வழியில்லை. இந்திய ஆலைகள் அமெரிக்கப் பழைய பெட்டிகளைக் கப்பலில் வரவழைப்பது அவற்றில் நீண்ட பைன் நார் இன்னும் மிச்சமிருப்பதால்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் உலர்ந்த தாளின் வலு. நனைந்தால் சாதாரணத் தாளில் பத்தில் ஒரு பங்கு வலுகூட மிஞ்சுவது அரிது. தண்ணீர் மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்பைப் பிரித்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். சட்டைப் பையோடு துவைத்த ரூபாய் நோட்டு பிழைப்பதற்குப் பருத்தி நாரோடு ஈரத்தைத் தாங்கும் பிசினும் காரணம். யூரியா ஃபார்மால்டிஹைடு, மெலமின் ஃபார்மால்டிஹைடு பிசின்கள் முதலில் வந்தன. அவற்றுக்கு அமிலத் தண்ணீர் வேண்டும். அமெரிக்காவின் ஹெர்குலிஸ் நிறுவனத்தில் ஜெரால்டு கெய்ம் கண்டுபிடித்து 1960இல் காப்புரிமை பெற்ற பாலிஅமைடு எபிகுளோரோஹைட்ரின் பிசின், அமிலம் இல்லாத தண்ணீரிலேயே வேலை செய்தது. நாரைச் சுற்றித் தண்ணீரால் அவிழ்க்க முடியாத வலையைப் பின்னும் பிசின் அது. ஆலையை விட்டு வெளியேறிய பிறகும் சில நாள் வரை தாள் முறுக்கேறிக்கொண்டே இருக்கும்.

தேயிலைப் பை, சமையலறைத் தாள், காகித உறிஞ்சுகுழல் போன்றவை ஈரத்தில் நிற்பது இப்படிப்பட்ட பிசின்களால்தான். கழிப்பறைத் தாளில் இதைப் போட மாட்டார்கள். அது தண்ணீரில் கரைந்தாக வேண்டும். எபிகுளோரோஹைட்ரின் பிசின் தயாரிப்பில் 3-எம்.சி.பி.டி., 1,3-டி.சி.பி. என்ற துணைப்பொருள்கள் உண்டாகின்றன. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியவை இவை. உணவைத் தொடும் காகிதத்துக்கு ஜெர்மனி கடுமையான வரம்பு வைத்திருக்கிறது: தாளை ஊறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முதலாவது 12 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, இரண்டாவது 2 மைக்ரோகிராம் அளவில்கூடத் தென்படக் கூடாது. இந்தத் துணைப்பொருள்கள் குறைவாக உள்ள பிசின்களும் இப்போது கிடைக்கின்றன. ஆலைகள் விலையை மட்டும் பார்க்காமல் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தபின், ஈரம் தாங்கும் காகிதத்துக்குத் தேவை கூடியிருக்கிறது. தாள் ஈரத்தை எவ்வளவு உறுதியாகத் தாங்குகிறதோ, அவ்வளவு கடினம் அதைத் திரும்பக் கூழாக்குவது. சாதாரணப் பழைய அட்டை வெறும் தண்ணீரில் பிரியும். ஈரவலுத் தாளைப் பிரிக்கச் சூடும், பெர்சல்ஃபேட் போன்ற வேதிப்பொருளும் வேண்டும். இல்லையென்றால் கரையாத துணுக்குகளாகச் சல்லடையில் தங்கிவிடும். ஆகவே காய்கறிப் பைக்கோ மளிகை உறைக்கோ நிரந்தர ஈரவலு தேவையே இல்லை. சிறிது நேரம் ஈரத்தைத் தாங்கி, பிறகு தண்ணீரில் அவிழும் கிளையாக்சால் வகைப் பாலிமரே அவற்றுக்குப் பொருத்தம். பழைய பேப்பர் கடையிலும் ஈரவலுத் தாள், மெழுகு பூசிய அட்டை, பிளாஸ்டிக் ஒட்டிய கப் மூன்றையும் பழைய பெட்டிகளோடு கட்டாமல் தனியே வைத்தால் ஆலையில் பாதிச் சிக்கல் குறையும். மழையில் நனைந்த பேப்பர் கட்டையும் உலர்த்திவிட்டு அனுப்ப வேண்டும்: ஈரத்துக்கு எடையில் கழிவு போவது ஒரு நஷ்டம் என்றால், லாரி ஆலைக்குப் போய்ச் சேருவதற்குள் பாக்டீரியா உள்ளிருக்கும் ஸ்டார்ச்சைத் தின்னத் தொடங்கியிருப்பது இன்னொன்று.