சர்க்கரைப் போர்வைக்குள் ஒரு கிருமி

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல்தான். 2021 ஜூலையிலிருந்து அக்கரையில், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நியூமோகொக்கல் தடுப்பூசி அரச செலவில் போடப்படுகிறது: ஒன்றரை மாதத்தில், மூன்றரை மாதத்தில், ஒன்பதாம் மாதத்தில். இக்கரையில், இலங்கையில், 2023 வரைக்கும் அது தேசிய அட்டவணையில் சேரவில்லை. தேவைப்பட்டவர்கள் தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டார்கள்.

மூக்கில் குடியிருப்பவன்

நியூமோகொக்கஸ் சுகமாக ஓடித் திரியும் பிள்ளையின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இருக்கும். அங்கேயே கிடந்தால் தொல்லை இல்லை. காதுக்குப் போனால் சீழ் வடியும். நுரையீரலுக்கு இறங்கினால் நியூமோனியா. இரத்தத்தில் கலந்தால் நச்சேற்றம், மூளையுறையை எட்டினால் மூளைக்காய்ச்சல். 2015இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 3 லட்சம் பிள்ளைகள் இந்தக் கிருமியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது.

சர்க்கரைதான் சிக்கல்

இந்தக் கிருமி சங்கிலிச் சர்க்கரையாலான வழுவழுப்பான உறை ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. உறையின் அமைப்பு மாற மாற வகையும் மாறும். ஏறத்தாழ நூறு வகைகள் உண்டு. வெறும் சர்க்கரையைக் கொண்டு செய்த 23 வகைத் தடுப்பூசி 1983இலேயே வந்துவிட்டது. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடம்பு தனிச் சர்க்கரையைச் சரியாக அடையாளம் காணாது. ஆபத்து மிகுந்த வயதும் அதுதான்.

நீருக்குள் தாழ்ந்த வலை எங்கே கிடக்கிறதென்று மிதவை காட்டிக்கொடுக்கும் அல்லவா? சர்க்கரையோடு ஒரு புரதத்தைப் பிணைத்தால் நடப்பது அதுதான். குழந்தையின் எதிர்ப்புச் சக்தி புரதத்தைக் கண்டுகொள்கிறது, கூடவே சர்க்கரையையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. நியூயோர்க் ரொக்பெல்லர் நிறுவனத்தில் ஆய்வாளர்கள் ஏவரியும் கோபலும் 1929இல் இதை முயல்களில் காட்டினார்கள். அது நியூமோகொக்கஸுக்கு எதிரான குழந்தைகள் ஊசியாக அமெரிக்காவில் அனுமதி பெற 2000ஆம் ஆண்டு ஆகிவிட்டது. எழுபது வருடம்!

மன்னார்த் தாய்மாருக்கு இப்படிப் புரதத்தோடு பிணைத்த இணைவுத் தடுப்பூசி புதிதல்ல. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் ஐந்து நோய்க்கான ஊசியில் ஹிப் கிருமிக்கான பங்கு இதே முறையில் செய்யப்பட்டதுதான். 2008இல் அறிமுகமான அந்த ஊசி, சில குழந்தைகளின் மரணத்தை அடுத்து அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. 2010இல் திரும்பவும் வந்தது.

யாருடைய பிள்ளைக்கான ஊசி?

2000இல் வந்த ஊசியில் ஏழு வகைகள் இருந்தன, அமெரிக்கப் பிள்ளைகளிடம் அதிகம் கண்டவை. 1ஆம், 5ஆம் வகைகள் அதில் இல்லை. 1999இல் வெளியான இந்திய வைத்தியசாலைக் கண்காணிப்பு ஒன்றிலோ, கடும் நோயில் கால்பங்குக்கு மேல் அந்த இரண்டு வகைகளாலேயே வந்திருந்தது. 2009இலும் 2010இலும் வந்த பத்து வகை, பதின்மூன்று வகை ஊசிகள்தான் அந்த ஓட்டையை அடைத்தன.

பிறகு விலை. ஒவ்வொரு வகையையும் தனித்தனியே வளர்த்து, உறையைப் பிரித்துச் சுத்தமாக்கி, புரதத்தோடு பிணைத்து, கடைசியில்தான் ஒன்றாய்க் கலக்க வேண்டும். பூனே சீரம் நிறுவனம் ஆசிய, ஆபிரிக்க நாடுகளில் பரவும் வகைகளைப் பார்த்துத் தயாரித்த பத்து வகை ஊசி 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி பெற்றது. அப்போது வறிய நாடுகளுக்கு ஒரு முறைக்கு 2 டொலர். இலங்கையோ, வறிய நாடுகளின் தடுப்பூசிகளுக்கு உதவும் கவி (Gavi) அமைப்பின் உதவிக் காலத்தைத் தாண்டிவிட்ட நாடு. சொந்தக் காசில் வாங்க வேண்டும்.

இன்னொரு தடை, நோயின் அளவு கணக்கில் ஏறாதது. இரத்தப் பரிசோதனைக்கு முன்பே நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துவிட்டால் ஆய்வுகூடத்தில் கிருமி வளராது. வளராத கிருமி புள்ளிவிபரத்தில் வராது; கணக்கில் வராத நோய்க்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? விஞ்ஞானம் முடிந்துபோன இடத்தில் மிஞ்சுவது இந்தப் பணச் சிக்கல்தான் என்பது என் எண்ணம்.

மூச்சை எண்ணுங்கள்

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: அந்த அளவோ கூடவோ என்றால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்காவிட்டாலோ எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். பேசாலை, வங்காலை, அரிப்பு, எங்கே இருந்தாலும் உடனே கிட்டிய வைத்தியசாலை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பதும், விறகுப் புகையும் சிகரெட் புகையும் பிள்ளையின் மூக்கில் ஏறாமல் பார்ப்பதும் நியூமோனியா ஆபத்தைக் குறைக்கும். அடுத்த கிளினிக்குக்குப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டுபோகும்போது, நியூமோகொக்கல் ஊசி இப்போது எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.