டாப்ளரை லென்ஸாக்கிய படச்சுருள்

1972 டிசம்பரில், நிலவிலிருந்து திரும்பும் வழியில், அப்போலோ 17 கலத்துக்கு வெளியே வந்த விண்வெளி வீரர் ரொனால்ட் எவன்ஸ் மூன்று படச்சுருள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டில் நிலவின் புகைப்படங்கள். மூன்றாவது சுருளைப் பார்த்து யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. நிலவின் தரைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அறிய அனுப்பிய ரேடார் அலைகளின் எதிரொலிகள் அதில் கோடு கோடாகப் பதிந்திருந்தன.

அந்தக் கோடுகளைப் படமாக மாற்றியது ஒளி.

பறக்கும் ரேடாரை ஒரு பாறை எதிர்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ரேடார் நெருங்கும்போது எதிரொலியின் அதிர்வெண் கூடும், பாறைக்கு நேரே வரும்போது மாற்றம் இராது, விலகும்போது குறையும். இதுதான் டாப்ளர் விளைவு. இதைப் பிலிமில் பதித்தால் கோடுகள் நடுவில் அகன்றும் இரு ஓரங்களில் நெருங்கியும் விழும். ஒளியியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த உருவம்: ஃபிரெனல் மண்டலத் தகடு. ஒளியைச் செலுத்தினால் லென்ஸைப் போலவே குவிக்கும். அதாவது ஒவ்வொரு பாறையும் தனக்கான லென்ஸைத் தானே பிலிமில் வரைந்துவிடுகிறது!

1950களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லோ ரன் ஆய்வகத்தில் லூயிஸ் கட்ரோனா, எம்மெட் லீத் குழுவினர் இதைக் கருவியாக்கினார்கள். லேசர் பிறக்காத காலம். பாதரச விளக்குதான் துணை. ஒரு சிக்கல் இருந்தது. அருகிலுள்ள பொருளின் கோடுகள் கிட்டத்திலும் தொலைவிலுள்ளவை தள்ளியும் குவிந்தன. கூம்பு வடிவ லென்ஸ் ஒன்றைச் சேர்த்து அதைச் சரிக்கட்டினார்கள். லீத் இதே வழியில் போய்த்தான் ஹோலோகிராஃபி என்னும் முப்பரிமாணப் படப்பதிவைப் புதுப்பித்தார்.

ரேடாரில் டாப்ளர் சாது. விமானத்தின் வேகம் ஒளியின் வேகத்துக்கு முன் ஒன்றுமில்லை. அதிர்வெண் சற்று நகரும், அவ்வளவே. கடலடிச் சோனாரில் கதையே வேறு. நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர்தான் போகும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நெருங்கும் கப்பலில் பட்டுத் திரும்பும் 1 விநாடி ஒலி, சுமார் 13 மில்லிவிநாடி சுருங்கிவிடும். அகன்ற அதிர்வெண் பட்டை கொண்ட ஒலியில் உயர்ந்த அதிர்வெண் அதிகமாகவும் தாழ்ந்தது குறைவாகவும் நகர்வதால், அனுப்பிய மூல ஒலியோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

இந்த ஒலியையும் பிலிமில் பதித்தால், சுருக்கம் என்பது உருவ அளவுதான். லென்ஸை நகர்த்திப் பெரிதாக்கலாம். ஆனால் கப்பலின் வேகம் தெரியாதே? 1970களில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கசசென்ட்டும் டெமெட்ரி சால்டிஸும் கால அச்சை மடக்கை அளவில் பதிக்கும் வழியை எடுத்தார்கள். மடக்கையில் பெருக்கல் கூட்டலாகிவிடும். சுருக்கம் வெறும் இடமாற்றமாகிவிடும். இடமாற்றத்தை ஒளி ஒப்பீட்டுக் கருவி பொருட்படுத்தாது.

1978இல் ஏவிய சீசாட் செயற்கைக்கோளின் ரேடார் பதிவுகளையும் தொடக்கத்தில் பெரும்பாலும் லேசரும் லென்ஸும்தான் படமாக்கின. அதே ஆண்டில் அவற்றில் ஒன்றைக் கணிப்பொறியும் படமாக்கியது. பல மணி நேரம் எடுத்துக்கொண்டது.