பள்ளிக்கூடப் பையா, பிள்ளைத் தொட்டிலா?

என் அமுச்சிக்குக் கல்யாணம் ஆனபோது வயது பதிமூன்று. பதினாறு முடியுமுன் இடுப்பில் ஒரு குழந்தை. காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் அவள் பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. "அப்பெல்லாம் எல்லாருக்கும் அப்படித்தான் கண்ணு" என்று சாதாரணமாகச் சொல்லுவாள்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றது. 1949-ல் 15, 1978-ல்தான் 18. ஆனால், சட்டம் போட்டதும் ஊர் மாறிவிடுமா என்ன? ஊரை மாற்றியது பள்ளிக்கூடமும் பஸ்ஸும் என்பேன் நான். கோவையில் 1957-ல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்தது. 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. குறிப்பிட்ட வகுப்பு வரை படித்து, 18-ம் நிரம்பினால்தான் பணம்! தகப்பன்மார் காதில் அது நன்றாகவே விழுந்தது.

நம் பக்கத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததே, நினைவிருக்கிறதா? மூன்று வருஷம் விடுதியில் தங்கி உழைத்தால், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. கல்யாணம் தள்ளிப்போனது வாஸ்தவம். ஆனால் படிக்க வேண்டிய வயதில் ராத்திரி ஷிப்ட் பார்த்து ரத்தம் சுண்டிப் போனவர்கள் எத்தனை பேர்! அதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 15 முதல் 19 வயதுப் பெண்களில் தாயானவர்களையும் கர்ப்பமாக இருப்பவர்களையும் எண்ணுகிறது. 2005-06-ல் நாடு முழுவதும் நூற்றுக்கு 16 பேர், 2015-16-ல் 7.9, 2019-21-ல் 6.8. நல்ல சேதிதான். உலகத்திலும் இப்படியே: 2000-ல் அந்த வயதினர் ஆயிரம் பேருக்கு 64.5 பிரசவம், 2023-ல் 41.3.

நம் தமிழ்நாடு? 7.7-லிருந்து 5-க்கு இறங்கி, 2019-21-ல் 6.3-க்கு ஏறிவிட்டது! நாடு இறங்கும்போது நாம் ஏறியிருக்கிறோம். 18, 19 வயதில் முறையாக மணமானவர்களும் இதில் அடக்கம் என்பது உண்மை. 18-க்கு முன் மணமானவர்கள் 16.3-லிருந்து 12.8 ஆகக் குறைந்திருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கணக்கு 20 முதல் 24 வயதுக்காரர்களைக் கேட்டு எடுப்பது. சில வருஷத்துக்கு முந்தைய கதையைத்தான் அது சொல்லும்.

சின்ன வயதுப் பிரசவத்தில் என்ன கெடுதல்? பெண்ணே இன்னும் வளர்ந்து கொண்டிருக்கிறாள். இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெற்றிருக்காது. ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, எடை குறைந்த குழந்தை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறையக் கூடாது. திரட்டி சீர் முடிந்த நாளிலிருந்தே பெண்ணுக்குக் கம்பு, ராகி, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை என்று கொடுத்து வாருங்கள். பள்ளியில் தரும் நீலநிற மாத்திரையைப் பையிலேயே வைத்திருக்கிறாளா, விழுங்குகிறாளா என்றும் பாருங்கள். காபி, டீயோடு சேர்த்து விழுங்கக் கூடாது. சத்து உடம்பில் ஒட்டாது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. 18-க்குக் கீழ்ப்பட்ட பெண் கர்ப்பமாக வந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதற்குப் பயந்து, 'ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்' என்று மறைக்கும் அம்மாக்கள் உண்டு. வேண்டாம் அம்மணி! கருக்கலைப்பு வேண்டியிருந்தால், சிறுமியும் பெற்றோரும் கேட்டுக் கொண்டால் அவள் பெயரை டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நாட்டு மருந்து, மாத்திரைக் கடை என்று அலைந்து நாளைக் கடத்துவதுதான் உயிருக்கு உலை வைக்கும். குழந்தை பிறக்கட்டும் என்று முடிவானாலும் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்து, பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். முகம் வீங்குகிறது, தலைவலி விடவில்லை, கண் மங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

திருமண உதவித் திட்டத்தை 2022-ல் 'புதுமைப் பெண்' என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஜாதகத்தை எடுக்கும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் சின்னப் பெண்ணுக்கு ரகசியமாய்க் கல்யாணப் பேச்சு நடந்தால், 1098-க்கு ஒரு போன் போதும்.