நகல் யாருக்கு?

தட்டச்சுப் பொறியின் ஒலி ஓயாது கேட்டுக்கொண்டிருந்த அலுவலகங்களை நம் வாசகர்களுள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இரு தாள்களுக்கிடையே கார்பன் தாளை வைத்துத் தட்டினால் மூலத்தோடு நகலும் கிடைக்கும். மூன்றாம் நகலும் நான்காம் நகலும் மங்கிக்கொண்டே போகும். ஆகவே, கடிதத்தின் அடியில் 'நகல்' என்று ஒருவர் பெயரைக் குறிக்குமுன், அவருக்கு இது வேண்டியதுதானா என எழுத்தர் சற்றே எண்ணிப் பார்ப்பார்.

இன்றைய மின்னஞ்சலில் 'சி.சி.' என்று நிற்கும் ஈரெழுத்து அந்தக் கார்பன் நகலின் எச்சமே. 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் கணினி வலையம் வழியே முதல் மடலை அனுப்பினார். இன்று பத்துப் பேரின் பெயரைச் சேர்க்கக் காசும் வேண்டாம், உழைப்பும் வேண்டாம். மின்னஞ்சல் ஒழுங்கு பற்றி எழுதுவோர் வணக்கம், கையொப்பம் முதலியவற்றையே விரித்துரைக்கின்றனர். நம் கருத்திலோ, அலுவலகத்தில் மனங்கள் முறிவது பெரும்பாலும் இந்த நகல் வரியிலேதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கணக்குப் பிரிவில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றும் இளம்பெண் ஒருத்தி, 54,000 ரூபாய்ப் பட்டியலை 45,000 என்று பதிந்துவிடுகிறாள். இரண்டு மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் அதைக் கண்டுபிடிக்கிறார். எழுந்து சென்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அவரோ பிரிவுத் தலைவர், மேலாளர், தணிக்கையாளர் ஆகிய அனைவருக்கும் நகலிட்டு மின்னஞ்சல் விடுக்கிறார். மொழி என்னவோ பணிவானதுதான். 'தங்கள் கனிவான கவனத்திற்கு' என்றே தொடங்குகிறது. ஆனால் அவள் அந்த வாக்கியத்தைப் படிப்பதில்லை. பெயர் வரிசையைத்தான் படிக்கிறாள். அடுத்த மாதம் புதுப்பிக்கப்படவேண்டிய ஒப்பந்தம் கண்முன் நிற்கிறது. பழைய மடல்களைத் துருவி, அவர் செய்த பிழை ஒன்றைத் தேடியெடுத்து, அதே பெயர் வரிசைக்குப் பதில் அனுப்புகிறாள். பட்டியல் நண்பகலுக்குள் திருத்தப்பட்டுவிடும். அவ்விருவரிடையே பேச்சு எப்போது திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

புனித மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் இதற்கு ஒரு வரிசைமுறையையே வகுத்திருக்கிறார். தவறிய சகோதரனிடம் முதலில் தனியே பேசவேண்டும். கேளாவிடில் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்லவேண்டும். அதற்கும் இணங்காதபோதுதான் திருச்சபையிடம் கூறவேண்டும். நாமோ மூன்றாம் படியிலிருந்தே தொடங்குகிறோம்.

'மேலாளர் அறியாவிட்டால் நாளை பழி என் தலையில் விழுமே' என்பார் உளர். அச்சம் நியாயமானதே. பணம், நோயாளியின் நலம், பணியாளர் பாதுகாப்பு போன்றவற்றில் மேலிடத்துக்குத் தெரிவிப்பது கடமையாகவும் இருக்கலாம். அப்போது, யாருக்கு ஏன் நகல் செல்கிறது என்பதை மடலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம். மேலும் ஒன்று: மேலதிகாரியின் தகாத நடத்தைக்கு உள்ளானவரிடம் இந்த நற்செய்திப் பகுதியைக் காட்டி, 'தனியே போய்ப் பேசு' என்று எவரும் வற்புறுத்தலாகாது. எளியவருக்குச் சாட்சியே அரண்.

பவுலடியார் பிலமோனுக்கு எழுதிய மடலும் இங்கே நினைவுக்கு வருகிறது. 25 வசனங்களே கொண்ட அம்மடலை, பிலமோனோடு அப்பியா, அர்க்கிப்பு ஆகியோருக்கும், அவர் வீட்டில் கூடும் சபைக்கும் முகவரியிட்டிருக்கிறார். நம் வழக்கில் சொன்னால், சபை முழுவதற்கும் நகல்! ஆயினும் அவர்கள் கேட்பது என்ன? முதலில் பிலமோனின் அன்புக்குப் பாராட்டு. கட்டளையிடும் உரிமை இருந்தும், அடிமையாயிருந்த ஒனேசிமுவைச் சகோதரனாக ஏற்கும்படி வேண்டுகோள். ஒனேசிமு ஏதேனும் கடன்பட்டிருந்தால் தாமே தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதிய உறுதி. சற்று நெருக்கவும் செய்கிறார், உண்மைதான். ஆயினும் பிலமோன் பிறர் முன் தலைகுனிய நேரும் சொல் ஒன்றும் அதில் இல்லை.

மறைநகல் என்னும் 'பி.சி.சி.' வேறு வகை. பங்குச் சுற்றறிக்கையைப் பலருக்கு அனுப்பும்போது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் காப்பதற்கு அது நல்ல வழி. உடன் பணிபுரிபவரோடு நடத்தும் உரையாடலை அவரறியாமல் மேலதிகாரிக்குக் காட்ட அதைப் பயன்படுத்துவது ஒட்டுக்கேட்பதற்கு ஒப்பாகும். 'அனைவருக்கும் பதில்' என்ற பொத்தானிடமும் எச்சரிக்கை வேண்டும். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணியில், சோதனைக்காக விடுக்கப்பட்ட ஒரு மடல் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சென்றடைய, 'என்னை நீக்குங்கள்' எனப் பலரும் அனைவருக்குமே பதில் எழுதியதால் அஞ்சல் அமைப்பே தடுமாறிப்போயிற்று.

மற்றவை சிறியவை. நம் அரசுக் கடிதங்களில் 'பொருள்', 'பார்வை' என இரு வரிகள் தலைப்பில் நிற்குமல்லவா? அந்தப் பழக்கம் மின்னஞ்சலுக்கும் நன்று. 'நோட்டட்' என்ற ஒற்றைச் சொல் பதிலைத் தவிர்ப்பது நலம். முகம் காணாத இடத்தில் அது கதவை அறைந்து சாத்துவதுபோல் ஒலிக்கும். சினத்தோடு எழுதியதை வரைவாக விட்டுவைத்து, பெறுநர் முகவரியை மறுநாள் காலையில் இடலாம்.

இரவு நேர மடல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், பணிநேரத்துக்குப் பின் தொடர்பறுத்திருக்கும் உரிமை குறித்துத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசவேண்டும் என்னும் சட்டம் பிரான்சில் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குடும்பச் செபமாலை நேரத்தில் கைப்பேசி ஒலிக்க, தந்தை எழுந்து வெளியே செல்லும் இல்லங்களை நாம் அறிவோம். இரவு பத்து மணிக்கு நினைவு வந்ததை அப்போதே எழுதிவிடும் மேலதிகாரிகளுக்கு, அது காலை ஒன்பது மணிக்குச் சென்று சேருமாறு குறித்துவைக்கும் வசதியும் அதே கணினியில் இருக்கிறது.