மூலத்தை மறைக்கும் வழிகாட்டிகள்

பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு வாக்கியம். சிந்திக்கிறேன் என்பதில் தொடங்கி இருக்கிறேன் என்று முடிக்கும் அந்த வாக்கியம் தேர்வுக் குறிப்புகள் முதல் பனியன் அச்சு வரை பரவிவிட்டது. அவருடைய ‘தியானங்கள்’ நூலின் சாரமே அதுதான் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 1641-ல் லத்தீனில் வெளிவந்த அந்த நூலை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அதிலுள்ள தியானங்கள் எதிலும் அந்த வாக்கியம் அந்த வடிவில் கிடையாது. 1637-ல் பிரெஞ்சில் அவர் எழுதிய ‘முறை பற்றிய உரை’யிலும், 1644-ல் வந்த ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ நூலிலும் அது இருக்கிறது.

‘தியானங்கள்’ செய்வது வேறு வேலை. புலன்களை நம்பலாமா, இப்போது விழித்திருக்கிறேனா அல்லது கனவு காண்கிறேனா, பேராற்றல் கொண்ட ஒரு வஞ்சகன் என்னை எல்லாவற்றிலும் ஏமாற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு பிடிமானமாகத் தளர்த்திக்கொண்டே போகிறது. இரண்டாம் தியானத்தில், ஏமாற்றப்படுவதற்காவது ஒருவன் இருந்தாக வேண்டுமே என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. இருக்கிறேன் என்று ஒருவன் எண்ணும்போதெல்லாம் அது உண்மையாகிறது. எண்ணம் நீடிக்கும் வரைதான் அந்த உறுதியும் நீடிக்கும். இதை இன்னொருவர் நமக்காகச் செய்து முடித்துக் கையில் கொடுக்க முடியாது. படிப்பவர் தானே சந்தேகித்து, தானே அந்த இடத்தை அடைய வேண்டும்.

நவீன மேலைத் தத்துவத்தின் செவ்வியல் நூல்களுக்கு இன்று வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. நூறு பக்கத்தில் கான்ட், படக்கதையாக ஹெகல், பத்து நிமிடக் காணொளியில் ஸ்பினோசா என்று எல்லாம் கிடைக்கிறது. தத்துவத்தில் ஆர்வமுள்ள இளைஞர்களிடம் பேசிப் பாருங்கள்; ஒவ்வொரு தத்துவவாதியின் முடிவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

எழுதியவர்களே சொன்ன வழி

தங்கள் நூல்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று இந்த ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். முதல் தியானம் சில பக்கங்கள்தான். ஆனால் அதில் உள்ளவற்றை மாதக்கணக்கில், குறைந்தது வாரக்கணக்கில் மனத்தில் ஊறப்போட்ட பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும் என்று தெகார்த் கேட்டுக்கொண்டார். ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ 1647-ல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக வந்தபோது அதன் முன்னுரையில் இன்னும் தெளிவான யோசனை சொன்னார். முதல் முறை ஒரு நாவலைப் போல நிற்காமல் ஓடிப் படியுங்கள். இரண்டாம் முறை வாதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறக்கின்றன என்று பாருங்கள். புரியாத இடத்தில் பேனாவால் குறியிட்டுவிட்டு மேலே செல்லுங்கள். மூன்றாம் முறை வரும்போது குறியிட்ட இடங்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும் என்றார். புரியாமல் போவது வாசிப்பின் ஒரு பகுதி என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்னவர்கள் குறைவு.

அவர் இன்னொன்றும் செய்தார். ‘தியானங்கள்’ அச்சாகும் முன்பே கைப்பிரதியைச் சுற்றுக்கு விட்டு, ஹாப்ஸ், அர்னோ, கஸெந்தி போன்ற சமகாலச் சிந்தனையாளர்களின் ஆட்சேபங்களை வாங்கி, தம் பதில்களோடு அதே நூலில் சேர்த்து அச்சிட்டார். கடவுள் இருப்பதால்தான் தெளிவாக அறிந்ததை நம்பலாம் என்கிறீர்கள், கடவுள் இருப்பதையோ தெளிவாக அறிந்ததை வைத்துத்தானே நிறுவுகிறீர்கள், இது வட்டமடிக்கும் வாதம் அல்லவா என்று அர்னோ மடக்கினார். அந்தக் கேள்வியை வைத்து இன்றும் அறிஞர்கள் மோதுகிறார்கள். ‘தியானங்கள்’ நூலுக்குச் சிறந்த வழிகாட்டி எது என்று கேட்டால், அதே அட்டைக்குள் இருக்கும் இந்தச் சண்டையைத்தான் காட்டுவேன். அங்கே முடிவு மட்டும் தரப்படுவதில்லை. அதை எங்கே பிடித்து உலுக்கலாம் என்பதும் தெரிகிறது.

கான்ட் பட்ட பாடு

வழிகாட்டிகளின் வரலாற்றில் கான்டுக்கு நேர்ந்ததைப் போல வேறு யாருக்கும் நேரவில்லை. 1781-ல் ‘தூய அறிவின் விமர்சனம்’ வெளிவந்தபோது அவருக்கு வயது 57. 800 பக்கங்களைத் தாண்டிய நூல். எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தால் ஏற்கெனவே பெரிய நூல் இன்னும் பெருத்துவிடும் என்று அவற்றைக் குறைத்துவிட்டதாக முன்னுரையிலேயே சொன்னார். எளிமையாக்க வேண்டும் என்ற முனைப்பே சில நூல்களின் தெளிவைக் கெடுத்துவிடுகிறது என்பது அவர் கருத்து. மெண்டெல்ஸோன் போன்ற பெரும் அறிஞரே அதைக் கீழே வைத்துவிட்டார்.

1782-ல் கோட்டிங்கன் இதழ் ஒன்றில் பெயரில்லாத மதிப்புரை வந்தது. கான்ட் சொல்வதும், பொருள்கள் எல்லாம் மனத்தின் எண்ணங்களே என்று பெர்க்லி முன்பே சொன்ன கருத்துவாதமும் ஏறக்குறைய ஒன்றே என்ற தொனியில் நூலைச் சுருக்கியிருந்தது. கான்ட் கொதித்துப்போனார். 1783-ல் ‘புரோலகோமினா’ என்ற சிறு நூலை எழுதி, அதன் பின்னிணைப்பில் அந்த மதிப்புரைக்குப் பதில் கொடுத்தார். ஆக, கான்டே எழுதிய வழிகாட்டியில் ஒரு தவறான சுருக்கத்துக்கான மறுப்பும் சேர்ந்தே இருக்கிறது. பெரிய நூலில் அறிவின் உறுப்புகளிலிருந்து தொடங்கி மேலே கட்டிக்கொண்டு போனவர், இதில் திசையை மாற்றினார். கணிதமும் இயற்கை அறிவியலும் கண்முன் இருக்கின்றன, அவை எப்படிச் சாத்தியமாயின என்று கேட்டுப் பின்னோக்கிச் சென்றார். இது மாணவர்களுக்காக எழுதியது அல்ல, எதிர்கால ஆசிரியர்களுக்காக எழுதியது என்றும் எச்சரித்தார்.

அதன் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். 1784-ல் கோனிக்ஸ்பெர்க்கில் அரசவைப் போதகராக இருந்த ஷுல்ட்ஸ் ஒரு விளக்க நூல் எழுதினார். 1786-ல் ஷ்மிட் என்பவர் கான்டின் சொற்களுக்கு ஓர் அகராதியே போட்டார். அதே ஆண்டில் ரைன்ஹோல்ட் என்பவர், ‘டெர் டாய்ட்ஷே மெர்க்கூர்’ என்ற இதழில் கான்டின் தத்துவம் பற்றிக் கடிதத் தொடரைத் தொடங்கினார். கான்டின் பெயரை ஜெர்மனி முழுவதும் கொண்டுபோனது இந்தப் பத்திரிகைத் தொடர்தான். கடவுளையும் ஆன்மாவின் அழிவின்மையையும் பற்றிப் பகுத்தறிவுக்கும் நம்பிக்கைக்கும் நடந்த சண்டையைக் கான்ட் எப்படித் தீர்க்கிறார் என்பதை அவர் முன்னே நிறுத்தினார். வாசகர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். கான்டே அவருக்கு வெளிப்படையாக நன்றி சொன்னார்.

ஆனால் எது பின்னுக்குப் போனது என்று பாருங்கள். மனத்தின் அடிப்படைக் கருத்துகள் அனுபவத்துக்குப் பொருந்துவது எந்த நியாயத்தால் என்று நிறுவும் பகுதிதான் தமக்கு அதிக உழைப்பைக் கேட்டது என்று கான்ட் 1781 முன்னுரையில் சொல்லியிருந்தார். அதில் திருப்தி இல்லாமல் 1787-ன் இரண்டாம் பதிப்பில் அதை முழுதாகத் திருப்பி எழுதினார். ஆசிரியர் தம் உழைப்பின் பெரும்பங்கைக் கொட்டிய இடமும், புகழ்பெற்ற வழிகாட்டி ஓரமாக வைத்த இடமும் ஒன்றே. சுருக்கத்தின் இயல்பு இது. கடினமானது உதிரும், கவர்ச்சியானது மிஞ்சும்.

ஆசிரியரே சுருக்கினாலும் இது நடக்கும். ஹ்யூமின் ‘மனித இயல்பு பற்றிய ஆய்வு’ 1739, 1740 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. முதல் இரு பாகங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. யாரோ ஒருவர் எழுதியது போல, 1740-ல் அவரே பெயர் போடாமல் ஒரு சுருக்கம் வெளியிட்டார். ஒரு பில்லியர்ட் பந்து இன்னொன்றின் மீது மோதும் காட்சியை வைத்து, காரண காரியம் பற்றிய வாதத்தை முதன்மையாக எடுத்து விளக்கினார். உணர்ச்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டாம் பாகம் அதில் பெரிய இடம் பெறவில்லை. இன்றும் பொது வாசகருக்கு ஹ்யூம் என்றால் அந்தப் பந்துகள்தான்.

இல்லாததைச் சேர்த்த சுருக்கம்

விடுபடுவதோடு இது நிற்பதில்லை. ஹெகல் என்றதும் கருத்து, எதிர்க்கருத்து, இணைக்கருத்து என்ற மூன்று படிகளை ஒப்பிக்காதவர்கள் குறைவு. மேடைகளில், வகுப்புகளில், தேர்வுகளில் அதுதான் ஹெகல். தம் முறைக்கு ஹெகல் அந்த வாய்பாட்டைப் பெயராக வைக்கவில்லை. அவர் 1831-ல் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, காலிபேயுஸ் என்ற பேராசிரியர் சமகாலத் தத்துவத்தைப் பொது வாசகருக்கு விளக்கி வெளியிட்ட நூல் அந்த வாய்பாட்டைப் பரப்பியது. விளக்குவதற்குக் கைகொடுத்த மூன்று சொற்கள் மூலத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

1807-ல் வந்த ‘ஆன்மாவின் நிகழ்வியல்’ நூலின் முன்னுரையில் ஹெகல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார். தத்துவத்தில் முடிவை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வது, உயிரோட்டம் போன பிணத்தைக் கையில் வைத்திருப்பதற்குச் சமம் என்பது அவர் கருத்து.

முடிவை மட்டும் வாங்குகிறோம்

பள்ளியில் பாடநூலைத் திறக்காமல் நோட்ஸை மட்டும் உருப்போட்டுத் தேறிய பழக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். வரலாற்றுக் கேள்விக்கு அது மதிப்பெண் வாங்கித் தரலாம். தத்துவத்தில் அது நேர்மாறான விளைவைத் தருகிறது. ஒரு முடிவை அதன் காரணங்கள் தெரியாமல் ஏற்றுக்கொள்வது நம்பிக்கை. அதற்குத் தத்துவம் தேவையில்லை. ஒரு பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்பும் பழக்கத்தை உடைக்கப் பிறந்த நூல்களையே, கான்ட் சொன்னார், ஹ்யூம் சொன்னார் என்று நம்பிக்கைப் பட்டியலாக மாற்றிக்கொள்கிறோம்.

கான்ட் இதை முன்பே எழுதிவிட்டார். அறிவொளி என்றால் என்ன என்று கேட்கும் கட்டுரை 1784 டிசம்பரில் பெர்லின் இதழ் ஒன்றில் வந்தது. எனக்குப் பதிலாகப் புரிந்துகொள்ள ஒரு புத்தகமும், எனக்கு மனசாட்சியாக ஒரு மதகுருவும், என் உணவை முடிவுசெய்ய ஒரு மருத்துவரும் இருந்துவிட்டால், நான் சிரமப்படவே வேண்டியதில்லை என்று மனிதன் சோம்பலில் நினைப்பதை அதில் சாடினார். பட்டியலில் முதலில் நிற்பது புத்தகம் என்பதைக் கவனியுங்கள்.

இன்று புத்தகம்கூட வேண்டாம். கைப்பேசியில் நூலின் பெயரைத் தட்டினால் நொடிப்பொழுதில் இயந்திரம் சுருக்கம் தருகிறது. தடுமாற்றம் இல்லாத, எங்கும் இடறாத சுருக்கம். தெகார்த் பேனாவால் குறியிடச் சொன்ன இடங்கள் அதில் வருவதே இல்லை. இடறாமல் படித்துப் பழகிய ஒரு தலைமுறை, நாளை அரசியல் மேடையிலோ விளம்பரத்திலோ ஒரு முடிவு நீட்டப்படும்போது காரணம் என்ன என்று நின்று கேட்குமா? இந்தக் கேள்விதான் என்னை அச்சுறுத்துகிறது.

ஆசிரியர் துணையில்லாமல், வேலைக்குப் போய் வந்து படிப்பவருக்கு அறிமுக நூலே கதவு என்பார்கள். உண்மைதான். கதவு உள்ளே போவதற்காக இருக்க வேண்டும்.

மூலமும் உரையும்

உள்ளே போக நினைப்பவர் சிறியதில் தொடங்கலாம். தெகார்த்தின் முதல் இரண்டு தியானங்கள் போதும். அவற்றோடு அர்னோவின் ஆட்சேபம். அடுத்து, ஹ்யூம் 1748-ல் வெளியிட்ட ‘மனித அறிதல் பற்றிய விசாரணை’யின் நான்காம் பகுதி. ஆதாமின் அறிவு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், நீரின் தெளிவையும் நெகிழ்வையும் மட்டும் பார்த்து அது தன்னை மூழ்கடிக்கும் என்று கண்டுபிடித்திருக்க முடியாது என்ற வாதம் அங்கே இருக்கிறது. பிறகு ‘புரோலகோமினா’. கான்டின் பெரிய நூலுக்குள் போகும்போது ஓரத்தில் இருக்கும் எண்கள் உதவும். ஏ என்றால் 1781 பதிப்பின் பக்கம், பி என்றால் 1787 பதிப்பின் பக்கம். வழிகாட்டி ஏ51/பி75 என்று சொன்னால், எந்த மொழிபெயர்ப்பிலும் அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம். அந்த எண்களைத் தராத வழிகாட்டியை நான் வாங்குவதில்லை.

நம் உரை மரபுக்கு இதில் சொல்ல ஒன்று உண்டு. குறளைப் பரிமேலழகர் உரையோடு படிக்கும்போது, குறள் அதே பக்கத்தில் மேலே நிற்கிறது. 1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது மூலத்தையும் நச்சினார்க்கினியர் உரையையும் சேர்த்தே தந்தார். மூலம் கண்முன் இருப்பதால்தான் பரிமேலழகர் இந்த இடத்தில் பிழைபட்டார் என்று ஒரு சாதாரண வாசகரும் வாதாட முடிகிறது. மூலம் இல்லாத பக்கத்தில் உரையாசிரியர் சொன்னதே தீர்ப்பு.

மேலைத் தத்துவத்தைத் தமிழில் அறிமுகம் செய்ய வருபவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முழு நூலின் சுருக்கம் வேண்டாம். பத்துப் பக்க மூலத்தை எடுத்து மொழிபெயர்த்து மேலே போடுங்கள். கீழே உங்கள் உரையை எழுதுங்கள். உங்களுக்கே விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று குறியுங்கள். உங்களோடு சண்டை போடும் வாசகர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருவார்.